முருங்கை தன் வைரத்தைக் கொடுத்த கதை

அந்தக் காலத்தில் மரம் பேசினால் மனிதருக்குக் கேட்கும். ஆடு பேசினாலும் கேட்கும். கேட்டதில் பாதியை மனிதர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம்.

அப்போது மரங்களிலேயே உறுதியானது எது என்று யாரைக் கேட்டாலும் முருங்கை என்றுதான் சொல்வார்கள். தேக்கும் கருங்காலியும் அதற்கு அடுத்தபடிதான். மரத்தின் நடுவில் கறுத்து இறுகிக் கிடக்கும் கட்டையை வைரம் என்பார்கள். முருங்கைக்குத் தோல் முதல் நடு வரைக்கும் வைரம். கோடரி பட்டால் கோடரியின் வாய் மடங்கும். இடி விழுந்தால் இடிதான் சிதறும். இலைகள்கூடத் தகடு மாதிரி விறைப்பாக இருக்கும். எந்த ஆடும் அதில் வாய் வைக்காது.

செங்கரடு என்று ஒரு சிவந்த குன்று இருந்தது. அதன் சரிவில் அப்படி ஒரு முருங்கை தனியாக நின்றது. நான்கு ஆள் கை கோத்தால்தான் அதன் அடிமரத்தைச் சுற்றி வரும். அதற்கு எத்தனை வயது என்று குன்றுக்கு மட்டும்தான் தெரியும். எவ்வளவு பெரிய காற்று அடித்தாலும் அதில் ஓர் இலை அசைந்து யாரும் பார்த்ததில்லை.

கரட்டின் அடிவாரத்தில் தும்பைக்குடி என்ற ஊர். நாற்பது வீடு இருக்கும். பக்கத்திலேயே வற்றாத கண்மாய். அந்த ஊரின் முன்னோர்கள் கிழங்கு தோண்டினார்கள், மீன் பிடித்தார்கள், தினையும் வரகும் விதைத்தார்கள், வேலியோரத்தில் கிடைத்த கீரையைக் கிள்ளிக் கடைந்தார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு நெல் அவர்கள் கைக்கு வந்தது. அதன் அரிசி தும்பைப்பூ மாதிரி வெளுத்திருக்கும். வருடத்துக்கு மூன்று முறை விளையும். அதைக் கண்ட பிறகு ஊரார் தினைக்காட்டை அழித்து வயலாக்கினார்கள். கிழங்குக்காட்டையும் அழித்தார்கள். வரப்போரத்துக் கீரையைக் களை என்று பிடுங்கி எறிந்தார்கள்.

அதோடு விடவில்லை. அரிசி இன்னும் வெள்ளையாக வேண்டும் என்று ஒரு தடவை குத்தியதை மூன்று தடவை குத்தினார்கள். கடைசித் தவிடும் போய், அரிசி பல் மாதிரி பளபளக்கும் வரைக்கும் தீட்டினார்கள். யார் வீட்டுச் சோறு அதிக வெள்ளையோ அந்த வீட்டில் பெண் எடுக்கப் போட்டி. சோற்றுக்கு உப்பும் புளித்தண்ணீரும் போதும் என்று ஆயிற்று. தவிடு ஆட்டுக்குப் போயிற்று. தும்பைக்குடியில் பசி என்ற சொல்லையே மறந்துவிட்டார்கள்.

ஆனால் ஆட்கள் தேய ஆரம்பித்தார்கள்.

அதை யாரும் நோய் என்று சொல்லவில்லை. ஒரே நாளில் வந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். அது மெல்ல வந்தது. ஏர் உழுகிறவன் நான்கு சால் ஓட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். தண்ணீர் எடுக்கப் போன பெண் குடத்தோடு மயங்கி விழுந்தாள். பிள்ளைகளின் கால்கள் வளைந்தன. பொழுது சாய்ந்தால் ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரியாது. அதற்காக வீட்டு வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும், கிணற்றடியிலிருந்து தொழுவம் வரைக்கும் கயிறு கட்டி வைத்தார்கள். அந்தி வேளையில் பெரியவரும் சிறியவருமாக அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நாளடைவில் அது ஊர் வழக்கமாகிவிட்டது. எதற்காகக் கயிறு என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை பெறும் பெண்களுக்குத்தான் இது எமனாக வந்தது. மூன்று வருடத்தில் பதினோரு பேர் பிரசவத்தில் போனார்கள். கடைசியாகப் போனவள் சிலம்பாயியின் அக்கா.

சிலம்பாயி தச்சன் வீரணனின் மனைவி. அக்கா சாகும்போது தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். வருடம் திரும்புவதற்குள் அவளும் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். ஐந்தாம் மாதம்.

மருத்துவச்சி ஒய்யம்மா வந்தாள். சிலம்பாயியின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்ளே பார்த்தாள். அங்கே சிவப்பு இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தது. ஒய்யம்மா இமையை விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனீங்க, அத்தை" என்றாள் சிலம்பாயி.

ஒய்யம்மா திரும்பவில்லை. "நல்லாச் சாப்பிடு, தாயி" என்றாள்.

"நாலு வேளை சாப்பிடுறேனே."

"இன்னும் கொஞ்சம் சாப்பிடு."

சிலம்பாயிக்கு ஒரு விநோதமான ஆசை வந்திருந்தது. மழை பெய்து மண் மணந்தால் நாக்கில் நீர் ஊறும். முதலில் சுவரைச் சுரண்டி வாயில் போட்டாள். பிறகு தொழுவத்து மண். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் தொழுவத்தில் குனிந்து மண் எடுக்கும்போது அவளுடைய வெள்ளாடு பார்த்துவிட்டது.

"நல்ல கூத்துதான்" என்றது ஆடு. "நீ திங்க வேண்டிய தவிட்டை எனக்குப் போடுற. நான் மிதிக்கிற மண்ணை நீ திங்கிற."

"சும்மா இரு" என்றாள் சிலம்பாயி. ஆனால் அதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். ஆடு போன மாதம்தான் இரண்டு குட்டி போட்டது. போட்ட மறுநாளே மதில் மேல் ஏறிக் குதித்தது.

தொழுவத்து மண் அவளுக்குப் போதவில்லை. இன்னும் சிவந்த மண் வேண்டும் என்று உடம்பு கேட்டது. ஒரு காலைப் பொழுதில், யாரிடமும் சொல்லாமல், செங்கரட்டில் ஏறினாள். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. முருங்கையின் வேரடியில் மண் ரத்தம் காய்ந்த மாதிரி அடர்ந்து சிவந்திருந்தது. ஒரு குச்சியால் தோண்டி, உள்ளங்கையில் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

"தாயி, அது என் சாப்பாடு" என்றது ஒரு குரல்.

அடிமரத்துக்குள்ளிருந்து வந்தது அது. தாழ்ந்த, நிதானமான குரல். சிலம்பாயி பதறிப்போய்க் கையைப் பின்னால் மறைத்தாள்.

"கொஞ்சந்தான் எடுத்தேன், சாமி."

"எடுத்ததைச் சொல்லலை. எத்தனை நாளாத் திங்கிற?"

"ரெண்டு மாசமா."

"ஆசை அடங்கிச்சா?"

"இல்லை. தின்னத் தின்ன அதிகமாகுது."

"அடங்காது. உன் உடம்பு சரியாத்தான் வழி காட்டியிருக்கு. அது தேடுறது இந்த மண்ணுக்குள்ளதான் இருக்கு. ஆனா மண்ணுலேருந்து அதைப் பிரிச்சு எடுக்க உன் வயித்துக்குத் தெரியாது. வேருக்குத்தான் தெரியும்."

"அப்படி என்ன தேடுது?"

"இரும்பு" என்றது மரம்.

சிலம்பாயிக்குச் சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுக்காரர் கோடரியில இருக்கே, அந்த இரும்பா?"

"அதேதான். இந்தக் கரடு ஏன் சிவப்பா இருக்குன்னு நினைக்கிற? உள்ளே இரும்பு இருக்கு. உன் ரத்தம் ஏன் சிவப்புன்னு நினைக்கிற?"

அவள் சிரிப்பு நின்றது. கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள். தலையைத் தூக்கிக் கரட்டைப் பார்த்தாள். வெயிலில் அது முழுவதும் சிவந்து கிடந்தது. இவ்வளவு பெரிய மலை, அதே சிவப்பு, தன் கைக்குள்ளும் ஓடுகிறதா!

"எங்க அக்காவோட ரத்தம் சிவப்பா இல்லை" என்றாள். "கஞ்சித்தண்ணியில கொஞ்சமாக் குங்குமம் கரைச்ச மாதிரி இருந்துச்சு. அது நிக்கவே இல்லை."



"வயிறு நிறைஞ்சாப் போதும்னு உங்க ஊர்ல நினைச்சுட்டாங்க" என்றது மரம். "வயித்தை நம்பிக் கண்ணு காத்துக்கிட்டு இருக்கு. எலும்பு, பல்லு, ரத்தம் எல்லாம் காத்துக்கிட்டு இருக்கு. இப்ப உன் பிள்ளையும் இருக்கு. கண்ணு கேக்குறது ஒண்ணு, எலும்பு கேக்குறது ஒண்ணு. நீங்க எது கேட்டாலும் வெள்ளைச் சோத்தையே போடுறீங்க. அதுங்க என்ன பண்ணும், பாவம்?"

"அப்ப அந்த இரும்பை எங்களுக்கு யாரு எடுத்துக் குடுப்பா?"

"நான் எடுத்திருக்கேன். இந்தக் கரட்டை எத்தனையோ காலமா உறிஞ்சிக்கிட்டு நிக்கிறேன். இரும்பு மட்டும் இல்லை, கண்ணுக்கு வேண்டியது, எலும்புக்கு வேண்டியது எல்லாம் எனக்குள்ள இருக்கு. எல்லாத்தையும் இறுக்கி வச்சிருக்கேன். அதுதான் என் வைரம்."

சிலம்பாயி அடிமரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அதைக் குடுத்துட்டா நீங்க நிப்பீங்களா?"

அந்த மரத்திடம் மனிதர்கள் பல தடவை வந்திருக்கிறார்கள். தூணுக்குக் கேட்டிருக்கிறார்கள், ஏருக்குக் கேட்டிருக்கிறார்கள், கோயில் கதவுக்குக் கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டால் நீ என்ன ஆவாய் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நிக்க முடியாதுன்னுதான் தோணுது" என்றது மரம்.

"அப்ப வேண்டாம், சாமி" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். எழும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழாமலிருக்க இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்து, வயிறு படச் சாய்ந்து நின்றாள். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. வயிற்றுக்குள் பிள்ளை முதல் தடவையாக அசைந்தது. மீன் குஞ்சு வாலை ஆட்டின மாதிரி ஒரு சின்னத் துடிப்பு.

மரம் அதை உணர்ந்தது. தன் காலம் முழுக்க அசையாமல் நின்ற மரம்.

"அது யாரு?" என்று கேட்டது.

"என் பிள்ளை." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "இன்னைக்குத்தான் முதல் தடவையா அசையுது."

"கையை எடுக்காதே" என்றது மரம். "அப்படியே நில்லு."

அவள் நின்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காய்ந்த ஆற்றில் எங்கோ தூரத்தில் வெள்ளம் வருகிற மாதிரி ஓர் ஓசை கேட்டது. மண்ணுக்கு அடியிலிருந்து அது மேலே ஏறியது. அவள் காலடி அதிர்ந்தது. உள்ளங்கைக்குக் கீழே பட்டை சூடானது, பிறகு குளிர்ந்தது. மரத்தின் நடுவில் கறுத்து இறுகிக் கிடந்தது இளகிக்கொண்டிருந்தது. இளகியது தண்டுக்குள் ஏறி, கிளைகளில் பிரிந்து, கொம்புகளில் ஓடி, நுனி வரைக்கும் போனது. கறுத்திருந்த பட்டை சாம்பல் நிறமாக வெளுத்தது. தகடு போன்ற பழைய இலைகள் கலகலவென்று உதிர்ந்து அவளைச் சுற்றி விழுந்தன. உச்சியில் கூடு வைத்திருந்த கழுகு எழுந்து வட்டமிட்டது, கத்தவில்லை. தூரத்துக் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த யானைகள் தலையைத் தூக்கிக் கரட்டுப் பக்கம் பார்த்து நின்றன.

பிறகு ஒவ்வொரு கொம்பிலும் துளிர் விட்டது. விரல் நகம் அளவு வட்ட வட்டமான இலைகள், ஆயிரம் பதினாயிரம் என்று விரிந்தன. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. ஒரு காற்று வந்தது. மரம் முழுவதும் சலசலத்து ஆடியது.

"ஓ" என்றது மரம். குரல் லேசாகியிருந்தது. "காத்துன்னா இப்படித்தான் இருக்குமா?"

சிலம்பாயி தரையில் விழுந்து கும்பிட்டாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"எழுந்திரு. பறிச்சுக்கோ" என்றது மரம். "கஞ்சியில போடு. வதக்கித் தின்னு. தவிட்டை எறியாதீங்க. அழிச்ச தினையையும் கீரையையும் திரும்பத் தேடுங்க. கண்மாயில மீன் இருக்கு. நான் மட்டும் போதாது."

மடி நிறைய இலை பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உப்புப் போட்டு வதக்கினாள். வீரணன் வயிறாரச் சாப்பிட்டான்.

"ருசியா இருக்கே. எங்க பறிச்ச புள்ள?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் கை பாதியில் நின்றது.

"மாமா, நிஜமாத்தான் சொல்றேன்."

"மண்ணைத் தின்னு உனக்கு மயக்கம் வந்திருக்கு" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை, பயத்தோடு சொன்னான். அவளுடைய அக்கா செத்தது அவனுக்கும் மறக்கவில்லை. "செங்கரட்டு முருங்கை இளகிப் போச்சா? எங்க அப்பன் அதுல ரெண்டு கோடரியை உடைச்சாரு. இன்னொண்ணும் கேளு. ஊர்க்களஞ்சியத்து நடுத்தூணைக் கரையான் அரிச்சிடுச்சு. ஐப்பசி மழை வரப்போகுது. தூண் விழுந்தா மொத்த நெல்லும் நனைஞ்சு போகும். நாளைக் காலையில அந்த மரத்தை வெட்டச் சொல்லி முத்திருளன் ஐயா உத்தரவு போட்டுட்டார்."

முத்திருளன் ஊர்த்தலைவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"வெட்டாதீங்க மாமா. ஒரு நாள் பொறுங்க. நானே அவர்கிட்டப் பேசுறேன்."

வீரணன் எழுந்து கோடரியைத் தீட்டப் போனான்.

விடியும்போது அவள் கண் விழித்தாள். பாயில் அவன் இல்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கரட்டை நோக்கி ஓடினாள். ஓட முடியவில்லை, நடந்தாள், அதுவும் முடியாதபோது கையை ஊன்றி ஏறினாள். மேலே ஐந்து ஆட்கள் மரத்தைச் சுற்றி நிற்பது தெரிந்தது. வீரணன் கோடரியை ஓங்கியிருந்தான். "மாமா!" என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் கோடரி இறங்கிவிட்டது.

விடிந்தும் விடியாத மங்கலில் மரம் மாறியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. எவ்வளவு கெட்டியான மரம் என்று தெரிந்து, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து அவன் ஓங்கியிருந்தான். கோடரி வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி பிடி வரைக்கும் உள்ளே போனது. அவனே தடுமாறி மரத்தின் மேல் விழுந்தான். அடியிலிருந்து ஒரு கீறல் மேலே ஓடியது. படார் என்று ஒரே சத்தம். நூற்றாண்டுகள் நின்ற மரம் சரிந்து, கிளை கிளையாக ஒடிந்து, கரட்டுச் சரிவெங்கும் சிதறியது.

ஆட்கள் பயந்து குப்புற விழுந்தார்கள். வீரணன் முறிந்த அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தான். கறுப்புக் கட்டை ஒரு விரற்கடைகூட இல்லை. வெளுத்து, ஈரமாக, பஞ்சு மாதிரி இருந்தது. விரலை அழுத்தினான்; விரல் உள்ளே போனது. அப்போதுதான் மூச்சு வாங்க வந்து நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

"நீ சொன்னது நிஜம், புள்ள" என்றான். "அவ்வளவும் நிஜம். நான்தான் கேக்கலை."

"அழாதே, வீரணா" என்றது மரம், விழுந்து கிடந்த இடத்திலிருந்து. "இன்னைக்கு நீ வெட்டலைன்னா நாளைக்கு ஒரு காத்து தள்ளியிருக்கும். இலை வாடுறதுக்குள்ள பறிங்க. நிழல்ல காயப்போட்டா ரொம்ப நாள் வரும்."

சிலம்பாயி ஓர் ஒடிந்த கிளையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உங்களை மறுபடி எப்படி நிக்க வைக்கிறது?"

"தெரியலை, தாயி" என்றது மரம். "இதுக்கு முன்னாடி நான் விழுந்ததில்லை."

அதன் பிறகு அது பேசவில்லை.

முத்திருளனுக்குக் கோபம் தலைக்கேறியது. "தூணுக்குக் கட்டை கொண்டு வான்னு அனுப்பினா இலை கொண்டு வர்றியா?" என்று வீரணனைச் சத்தம் போட்டார். "தும்பைக்குடியில ஆடு திங்கிறதை ஆள் தின்னதில்லை. யாரும் அதைத் தொடக் கூடாது." வீரணன் நான்கு பனங்கட்டையைச் சேர்த்துக் கட்டி, மழைக்கு முன்னால் தூணை நிறுத்திக் கொடுத்தான். பிறகு மனைவியோடு சேர்ந்து மூன்று நாள் இலை பறித்தான்.

ஒடிந்த கிளையை விறகாக எரிக்க சிலம்பாயிக்கு மனம் வரவில்லை. கீழே போட்டு வைக்கவும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில், குழி தோண்டி நிறுத்தி வைத்தாள். நிற்கட்டுமே என்றுதான் வைத்தாள்.

காய்ந்த இலையைப் பொடி செய்து, வீடு வீடாக எடுத்துக்கொண்டு போனாள். பல வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒய்யம்மா சாத்தவில்லை. ஒரு பிடி வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி நடுத்தெருவில் நின்று வாயில் போட்டு மென்றாள்.

"பதினோரு பொண்ணுங்களை இந்தக் கையால அனுப்பி வச்சிருக்கேன்" என்றாள். "இலை தின்னு கெட்டுப்போக இனி என்ன மிச்சம் இருக்கு? கொண்டு வா தாயி, எங்க வீட்டுல எல்லாருக்கும் போடு."

அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. முத்திருளனின் மனைவியும் பின்வாசல் வழியாக ஒரு பை வாங்கிப் போனாள். புருஷனிடம் சொல்லாமல் அவருடைய கஞ்சியில் தினமும் கலந்தாள். அவருக்கு மூன்று வருடமாக அந்தியில் கண் தெரியாது. ஊருக்கு அது தெரியாது. பொழுது இறங்குவதற்கு முன்னால் ஏதாவது காரணம் சொல்லி வீட்டுக்குள் போய்விடுவார். கயிற்றைப் பிடிக்கத் தலைவருக்குக் கூச்சம்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒருநாள் கண்மாய்க்கரையில் மடை பார்த்துக்கொண்டிருந்தவர் நேரம் போனதைக் கவனிக்கவில்லை. சூரியன் இறங்கிவிட்டது. திடுக்கிட்டு எழுந்தார். இனி எப்படி வீடு போவது என்று கைகளை நீட்டிக்கொண்டு இரண்டடி வைத்தார். எதுவோ வெள்ளையாகத் தலைக்கு மேல் போனது. நிமிர்ந்து பார்த்தார். கொக்குகள். வரிசையாகக் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் வானம் செம்மையும் நீலமுமாகக் கிடந்தது. கண்மாய்த் தண்ணீரில் அதே வானம் தெரிந்தது. ஒரு மூலையில் ஒற்றை நட்சத்திரம்.

முத்திருளன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தேடி வந்த மனைவியிடம், "பதினேழு கொக்கு போச்சு" என்றார். "எண்ணிப் பாத்தேன். பதினேழு." கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "என்னத்தைக் குடுத்த நீ எனக்கு?"

மனைவி சொன்னாள்.

அன்று அந்தியில் ஊரில் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். கயிற்றைப் பிடிக்காமல் நின்றார்கள். சில பிள்ளைகள் அந்தி வானத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெரியவர்களும் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலையில் முத்திருளன் வீரணன் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். கேட்பதற்குள் சிலம்பாயி அவரை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போய்க் காட்டினாள். வெறுமனே நட்டு வைத்த கிளையில், வேர் இல்லாத கட்டையில், நான்கு இடத்தில் துளிர் விட்டிருந்தது. வட்ட வட்டமான சின்ன இலைகள், காற்றே இல்லாத அந்த நேரத்திலும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

பிறகு முத்திருளன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரட்டின் மேல் ஏறினார். ஊரே பின்னால் ஏறியது. சிதறிக் கிடந்த கிளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுக்கு ஒன்றாக நட்டார்கள். அந்த மழையில் எல்லாம் பிடித்துக்கொண்டன. கிளை வளர்வதற்குள் பெண்கள் வரப்புக் கீரையைப் பிடுங்கி எறிவதை நிறுத்தினார்கள். அரிசியை ஒரே தடவை குத்தினார்கள். எங்கோ ஒரு பானையில் மறந்து கிடந்த தினை விதையைத் தேடி எடுத்தார்கள்.

தை மாதம் சிலம்பாயிக்கு வலி கண்டது. ஒய்யம்மா வந்தாள். வந்ததும் முதல் வேலையாக இமையை இழுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை?"

"செவப்பா இருக்கு, தாயி" என்றாள் ஒய்யம்மா. "செங்கரடு மாதிரி செவப்பா இருக்கு."

வலி பகல் முழுக்க நீடித்தது. வெளியே வீரணன் ஓர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் செதுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஊர்ப் பெண்கள் முற்றத்தில் கூடி நின்றார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் வயிற்றில் பிள்ளையோடு இருந்தார்கள். பொழுது மேற்கே சாயும்போது உள்ளேயிருந்து ஓர் அழுகுரல் கேட்டது. கணீரென்று, ஊரையே கூப்பிடுகிற மாதிரி. யாரும் சந்தோஷப்படவில்லை. பிள்ளை அழுவதை அவர்கள் முன்பும் கேட்டிருக்கிறார்கள். தாய்க்கு என்ன ஆயிற்று என்பதற்காகக் காத்திருந்தார்கள்.

வெகு நேரம் கழித்து ஒய்யம்மா வாசலுக்கு வந்தாள். கைகள் முழங்கை வரைக்கும் சிவந்திருந்தன.

"ரத்தம் நின்னுடுச்சு" என்றாள். "பொம்பளைப் பிள்ளை. அவ எழுந்து உக்காந்து பசிக்குதுங்கிறா."

வீரணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பெண்கள் குலவையிட்டார்கள்.

அந்த வருடம் தும்பைக்குடியில் ஒன்பது பிரசவம். ஒன்பது தாயும் பிழைத்தார்கள். பிறந்த வீட்டுக்குப் போன பெண்கள் ஆளுக்கு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போனார்கள். கல்யாணமாகி வேற்றூர் போனவர்களும் ஒரு கிளையை எடுத்துப் போனார்கள். ஊருக்கு ஊர், கரைக்குக் கரை, அந்த ஒரு மரம் போய்க்கொண்டே இருந்தது.

அன்று முதல்தான் முருங்கைக்கு வைரம் இல்லாமல் போயிற்று. தொட்டு வளைத்தால் ஒடிந்து கையில் வந்துவிடுகிறது. ஒடிந்ததை ஈர மண்ணில் நட்டால் பிழைத்துக்கொள்கிறது. இன்றைக்கும், "பிள்ளைத்தாய்ச்சிக்கு வேணும், ரெண்டு கொத்து முருங்கைக்கீரை குடுங்க" என்று யாராவது வந்து நின்றால், நம் வீடுகளில் எதற்கு, ஏன் என்று கேட்பதில்லை. ஒரு கிளையையே ஒடித்துக் கொடுத்து அனுப்புகிறோம்.